நிறுத்தப் பயந்து எடுத்துப்போன ஃபியட்

என்னங்க,

வண்டி பூஜைக்குப் பூசணிக்காய் வாங்கிக்கொண்டு வந்து, வாசலில் ஃபியட்டைக் காணோமே என்று கத்தாதீர்கள். எடுத்துப்போனது நான்தான்.

"நல்லா இருந்த பழைய கார்புரேட்டரைக் கழட்டிட்டு, புதுசா பெட்ரோல் இன்ஜெக்ஷன் மாட்டியிருக்கீங்களாம்! இந்த ஜென்மத்துல ஸ்டார்ட் ஆகாது" என்று நேற்று நான் சொன்னது தப்புதான். நீங்கள் சாப்பிடாமலே படுத்துவிட்டீர்கள். காலையில் என் தம்பி எத்திராஜ் வேறு போன் பண்ணி, "அக்கா, பூஜைக்கு நானும் வரேன். மாமா வண்டியைத் தள்ள ஆள் கூட்டிட்டு வரட்டுமா?" என்கிறான். அவன் எதிரில் அது கிளம்பாவிட்டால் உங்கள் முகத்தை என்னால் பார்க்க முடியாது. அதனால் ஒரே ஒரு தடவை சாவியைத் திருப்பிப் பார்த்தேன். பழையபடி சோக் இழுக்கவில்லை, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கவில்லை. உடனே இன்ஜின் பிடித்துக்கொண்டது!

இப்போது நிறுத்தப் பயமாக இருக்கிறது. "ஸ்டார்ட் ஆன வண்டியை ஆஃப் பண்ணாதேடி" என்று இத்தனை வருஷம் திட்டிப் பழக்கியது நீங்கள்தானே? நீங்கள் வரும்வரை நம் ஆஸ்டின் டவுனையே சுற்றிக்கொண்டிருப்பேன்.

இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. கோபத்தை இட்லி மேல் காட்டாமல் சாப்பிடுங்கள்.

நான் திரும்புவதற்குள் எத்திராஜ் வந்துவிட்டால், வண்டி மெக்கானிக்கிடம் இருக்கிறது என்று சொல்லி உட்கார வையுங்கள்.

— பாமா

பி.கு.: சத்தமே இல்லாததால் நின்றுவிட்டது என்று பதறி வாசலுக்கு ஓடினேன். ஓடிக்கொண்டுதான் இருக்கிறது!

இன்னொன்று: சாப்பிட்டதும் தெருமுனைக்கு வாருங்கள், சுற்றி வரும்போது உங்களை ஏற்றிக்கொள்கிறேன். நீங்களே நிறுத்துங்கள், எனக்குக் கை வராது. அப்புறம் எத்திராஜ் எதிரில் நீங்கள் சாவியைத் திருப்பும்போது, முதல் தடவை பார்ப்பவள்போல் வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன்.