தம்பி எப்போது வந்தான்

பங்குனி 4, திங்கள்

வெயில் கொளுத்துகிறது. மிளகாய்க்கு நல்லது, எனக்கு அல்ல. மூன்றாம் தடவைப் பழமும் பறித்துக் களத்தில் பரப்பியாயிற்று. இந்த வருசம் குண்டு மிளகாய்க்கு என்ன நிறம்! கண்ணை எடுக்க மனசு வரவில்லை.

தம்பி பாண்டி வந்துவிட்டான். நேற்று காலை, சொல்லாமல் கொள்ளாமல். தாடி, மஞ்சப்பை, வெடித்த குதிகால். பத்து வருசமாக இப்படித்தான். ஊர் ஊராகத் திரிவான். மிளகாய் காயும் நேரம் வருவான், களத்துக்குக் காவல் இருப்பான், ஒருநாள் காணாமல் போவான். எங்கே இருந்தாய் என்று கேட்பதில்லை. அம்மா காலத்திலிருந்தே எங்கள் வீட்டு வழக்கம். வந்தவனுக்குத் தண்ணீர், சோறு, பாய். கேட்டால் அடுத்த வருசம் வரமாட்டானோ என்ற பயமும் உண்டு.

இரண்டு உழக்குச் சோறு தின்றான். சந்தோஷமாக இருக்கிறது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு தனியாகச் சமைத்துத் தனியாகத் தின்று நாக்கே செத்துப்போயிருந்தது.

பங்குனி 5, செவ்வாய்

வாங்க: சாக்கு 20, சணல், பாண்டிக்குக் கைலி, ந.எண்ணெய்.

ஊரெல்லாம் அந்தக் கொலைப் பேச்சுதான். உப்பூர்ப் பக்கம் முதலில் இறால் பண்ணைக் காவலாளி. அப்புறம் ரோட்டோர டீக்கடையில் தனியாக இருந்த ஓர் அம்மா. முந்தாநாள் விடிகாலை பஸ் நிறுத்தத்தில் படுத்திருந்த பெரியவர். மூன்று பேரையும் எவனோ கல்லால் மண்டையில் அடித்துக் கொன்றிருக்கிறான். செல்போனை மட்டும் எடுத்துப் போகிறானாம். எங்கிருந்தோ வந்த நாடோடி என்கிறார்கள்.

பக்கத்து வீட்டு சரோஜா வாட்ஸ்அப்பில் படம் காட்டினாள். பெட்ரோல் பங்க் கேமராவில் விழுந்ததாம். முகம் தெரியவில்லை. தாடி, கைலி, மஞ்சப்பை.

"வசந்தாக்கா, ஒங்க தம்பி என்னைக்கு வந்தாப்ல?"

"இந்த ஜில்லாவுல மஞ்சப்பை இல்லாத வீடு எதுடி?" என்று கத்திவிட்டேன். பாவம், முகம் சுண்டிப்போயிற்று. அவளும் என்னைப் போல ஒண்டிக்கட்டைதான்.

முந்தாநாள் என்றால் ஞாயிறு. பாண்டி வந்ததும் ஞாயிறு.

பங்குனி 6, புதன்

ஜீப் வந்தது. ஓர் எஸ்.ஐ., ஓர் ஏட்டு. களத்தில் மிளகாயைக் கிளறிக்கொண்டிருந்த பாண்டியையும் கூப்பிட்டு நிறுத்தினார்கள்.

"இவரு எப்பம்மா வந்தாரு?"

"மாசிக் கடைசியிலயே வந்துட்டான்யா. மொதப் பழம் எடுக்கையில இருந்து இங்கனதான் கெடக்கான்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. கொஞ்சமும் தடுமாறவில்லை. இவ்வளவு நன்றாகப் பொய் வரும் என்று எனக்கே தெரியாது. ஏட்டு எழுதிக்கொண்டார். "அப்படியாப்பா?" என்று எஸ்.ஐ. கேட்க, பாண்டி மண்ணைப் பார்த்தபடி தலையாட்டினான். சரோஜா அவள் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். மாசியில் அவன் இங்கே இல்லை என்று அவளுக்குத் தெரியும். காட்டிக்கொடுக்கவில்லை.

ஜீப் போனபிறகு ஒரு செம்பு மோர் குடித்தேன். நான் சொன்னது இருக்கட்டும், இவன் ஏன் தலையாட்டினான்?

பங்குனி 7, வியாழன்

அவன் குளிக்கப் போன நேரம் பையைக் கொட்டிப் பார்த்தேன். துண்டு, திருநீற்றுப் பொட்டலம், உயிர் இல்லாத செல்போன் ஒன்று. இவனுக்கு ஏது போன்? இருந்தபடியே திரும்ப வைத்தேன்.

அரிவாளைக் குதிருக்குப் பின்னால் ஒளித்தேன். கல்லால் அடிப்பவனுக்கு அரிவாள் எதற்கு என்று அப்புறம்தான் உறைத்தது. கூறுகெட்ட சிறுக்கி நான்.

சரோஜாவிடம், "திருவாடானைக்கு மக வீட்டுக்குப் போயி நாலு நாள் இருந்துட்டு வாடி" என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. மத்தியான பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். பாண்டி பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்னோர் உயிர் போனால் அந்தப் பாவம் என் தலையில்தான். தெரியாமல் இல்லை. ஆனாலும் ஸ்டேஷனுக்குக் கால் போக மறுக்கிறது. அவன் பக்கத்திலேயே இருக்கிறேன். களத்துக்குப் போனால் நானும் போகிறேன்.

இத்தனைக்கும் நடுவில் அவன் வைத்த ரசம்! வெட்கமில்லாமல் இரண்டு முறை ஊற்றிச் சாப்பிட்டேன்.

பங்குனி 8, வெள்ளி

பிடித்துவிட்டார்கள். புதுமடத்தில். வேறு ஒருவன். வேறு ஒருவன்! இரண்டு தடவை எழுதினால்தான் மனசு ஆறுகிறது.

நாலு நாளாக ட்ரோன், மோப்ப நாய், கருவேலங்காடெல்லாம் போலீஸ். கடைசியில் பிடித்தது கடற்கரையில் நின்று கரைவலை இழுக்கிறவர்கள். மீன்காரர் மொபெட்டை நிறுத்திக் கதை கதையாகச் சொன்னார். அவர் மச்சானும் அந்த வலையில் இருந்தாராம்.

"பசிக்கிதுன்னு வந்திருக்கான்க்கா. கரைவலையில யாரு வந்து கயித்தப் பிடிச்சாலும் கொழம்புக்கு மீனு உண்டுல்ல, அது வழக்கம். ஆளு இன்னாருன்னு மச்சானுக்குப் பார்த்ததுமே தெரிஞ்சு போச்சு. ஒருத்தரும் காட்டிக்கிறல. 'வாப்பா, கயித்தப் பிடி'ன்னு நடுவுல விட்டுட்டாக. முன்னால பத்துப் பேரு, பின்னால பத்துப் பேரு. ஜீப்பு வார வரைக்கும் மாங்கு மாங்குன்னு இழுத்திருக்கான்!"

"வலை கரைக்கு வந்துச்சா?"

"வராமயா? அள்ள ஆளு பத்தல!"

டிவியில் போலீஸ் விரட்டிப் பிடித்ததாகச் சொல்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். பிடிபட்டவன் பையில் மூன்று போன்களும் இருந்தனவாம். அப்படியானால் பாண்டியுடையது பாண்டியுடையதுதான். சாளை மீன் ஒரு கிலோ வாங்கினேன்.

பங்குனி 9, சனி

காலையில் லேசாக மேகம். மிளகாயை அள்ள ஓடினேன், கலைந்துவிட்டது. சரோஜாவுக்குப் போன் போட்டு வரச் சொன்னேன்.

மத்தியானம் நேற்றைய மீன் குழம்பு. பாண்டி சோற்றைப் பிசைந்தபடி கேட்டான்.

"அக்கா, அன்னைக்கு ஏட்டுகிட்ட மாசின்னு சொன்னியே, நீ சொன்னதுக்காக நானும் தலையாட்டுனேன். என்னைய நம்பிச் சொன்னியா, நம்பாமச் சொன்னியா?"

நம்பித்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

"நம்பலடா. நீயாத்தான் இருப்பேன்னு நெனச்சேன்."

"நெனச்சுமா சொன்ன?"

"ஆமா."

தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான், இனி இந்தப் பக்கமே வரமாட்டான் என்று நினைத்தேன். அவன் இடது கையால் கண்ணைத் துடைத்துவிட்டுத் தட்டை நீட்டினான். குழம்பு ஊற்றினேன்.

"போன சித்திரையில இங்கனருந்து போனேன்ல," என்று ஆரம்பித்தான், நான் ஒன்றுமே கேட்காமல். "மொதல்ல கீழக்கரையில ஒரு ஓட்டல்ல..."

கதையில் இலங்கைக்குப் படகு ஏறப் பார்த்தது வரை வந்திருக்கிறான். மணி நாலு. அவன் கை காய்ந்துவிட்டது, இன்னும் கழுவவில்லை; நான் மட்டும் கழுவிவிட்டு இதை எழுதுகிறேன். இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறான்.