கழுத்தில் கிடந்த டேப்

பாப்பாவின் அம்மாவுக்கு,

கோபம் குறைந்திருந்தால் மேலே படி. குறையாவிட்டாலும் படி.

"காப்பகத்து நாயை நம்பிப் பிள்ளையை விட முடியாது. அதை அனுப்பிட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு உன் அம்மா வீட்டுக்குப் போனாய். உன்னைக் குறை சொல்லவில்லை. நான் பாப்பாவைத் தூக்கும்போதெல்லாம் அது உறுமியதை நானும்தானே பார்த்தேன்.

திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் தையல் கடையிலிருந்து நேராக வந்து சங்கிலியை எடுத்தேன். உறுமியது. வேர்வை துடைக்கக் கழுத்தில் கிடந்த அளவு டேப்பைக் கழற்றினேன். வாலை ஆட்டிக்கொண்டு வந்து காலடியில் படுத்துவிட்டது. மறுபடி மாட்டினேன், மறுபடி உறுமல். காப்பகத்து அம்மாவிடம் போனில் கேட்டேன்.

"பழைய வீட்டுல பெல்ட்டாலயே அடிச்சிருக்காங்க சார்" என்றார்.

அது பாப்பாவைப் பார்த்து உறுமவில்லை. அவளுக்காக என்னைப் பார்த்து உறுமியிருக்கிறது.

டேப் இனி கடையை விட்டு வராது. நேற்று பக்கத்து வீட்டு வாண்டு நாயின் காதைப் பிடித்து இழுத்தது. நாய் கொட்டாவிதான் விட்டது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வீட்டில் உட்கார்ந்து பாப்பாவுக்கு ஒரு கவுன் தைத்திருக்கிறேன். டேப் இல்லாததால் கண்ணளவுதான். வளர்ந்திருப்பாள் என்று கொஞ்சம் கூடுதலாகவே துணி விட்டிருக்கிறேன். சரியாக இருக்கிறதா என்று இங்கே வந்துதான் போட்டுப் பார்க்க வேண்டும்.

உன் டெய்லர்