சேர்மன் வாய் திறந்த கணக்கு

அன்புள்ள அக்காவுக்கு, இங்கு எல்லோரும் நலம், உன் நலத்தையும் உன் ஆய்வுக்கூடத்து நாய்களின் நலத்தையும் அறிய ஆவல். முதலில் ஒரு துயரச் செய்தி. அப்பாவின் மூக்குக்கண்ணாடி இன்று காலை நாற்காலியில் அகால மரணம் அடைந்தது, அதன்மேல் உட்கார்ந்தவர் அப்பாவேதான். அதனால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன், இடையில் என் சரக்கும் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்.

அப்பா கேட்கச் சொன்னது, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, ஈரத்தலையோடு தூங்குகிறாயா. அடுத்து நம் நாய் சேர்மனைப் பற்றி. நாங்கள் வெளியே போனால் அவன் குரைக்கும் குரைப்பில் கீழ்வீட்டுப் பாட்டு டீச்சரின் பிள்ளைகளுக்குச் சுருதி சேரவில்லையாம். அம்மா முடிவெடுத்துவிட்டாள், ஞாயிற்றுக்கிழமை சேர்மன் சித்தப்பா வீட்டுக்குப் போகிறான், அங்கே கேட்டோரம் சங்கிலியில் வாழ்க்கை. போர்வையும் தட்டும்கூடப் பையில் ஏறிவிட்டன. ரேடியோ பாடினால் குரைப்பு அடங்கும் என்று நீ சொன்னபடி போட்டும் பார்த்தோம், விளையாட்டுக்கு இல்லை, உன் முறைப்படி. அப்பா தினமும் காசு சுண்டுவார், தலை விழுந்தால் ரேடியோ, பூ விழுந்தால் மௌனம். எண்ணுகிறவனுக்கு எந்த நாள் எது என்று தெரியக்கூடாது, தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயும் என்று எழுதியிருந்தாய் அல்லவா, அந்த நடுநிலை நாயகன் நான்தான். எதிர்க்கட்டடத்துத் தையல்காரர் மாடியில், ரேடியோ சத்தம் எட்டாதபடி காதில் பஞ்சடைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகச் சேர்மனின் வாயையே பார்த்தேன். வாய் திறந்தால் ஒரு கோடு. எனக்குக் கழுகுக் கண், அக்கா, ஒன்றைக்கூட விட்டிருக்க மாட்டேன். முடிவு என்னவென்றால் ரேடியோ நாட்களில்தான் கோடுகள் குவிந்தன. "உங்க அக்கா படிச்சது ஒண்ணு, சேர்மன் படிச்சது ஒண்ணுன்னு எழுதுடா. நம்ம சோதனையில ஓட்டை ஒடசல் கிடையாதுன்னும் எழுது" என்றார் அப்பா. எழுதிவிட்டேன். ரேடியோவை நிறுத்தி நாலு நாளாகிறது.

இந்த வரி வரை வந்தபோது கதவு தட்டப்பட்டது. பாட்டு டீச்சர். அப்பா ரேடியோவை நிறுத்திவிட்ட நற்செய்தியைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர், "ஏன் சார், நாலு நாளா ரேடியோ போடறதில்ல? அது பாடின நாளெல்லாம் உங்க நாய் மூச்சு விடல. தயவுசெஞ்சு போடுங்க சார்" என்றார். அப்பா என்னைப் பார்த்தார், அம்மா என்னைப் பார்த்தாள், நான் சேர்மனைப் பார்த்தேன். உடனே ரேடியோவைப் போட்டுவிட்டு, டீச்சர் உட்பட நாலு பேரும் மாடிப்படியில் பதுங்கி, சாத்திய கதவின் இடுக்கில் ஒருவர் தலைமேல் ஒருவர் தலை வைத்துப் பார்த்தோம். செய்தி வாசிப்பவர் விலைவாசியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். சேர்மன் படுத்தபடி வாயைத் திறந்தான். சத்தமே இல்லை. பிறகு இன்னும் அகலமாகத் திறந்தான், கடைவாய்ப்பல் வரை தெரிந்தது. "டேய், இது கொட்டாவிடா. இதையாடா குரைப்புன்னு கோடு போட்ட?" என்றாள் அம்மா. காதில் பஞ்சு இருந்தவனுக்கு எல்லா வாயும் ஒன்றுதானே அக்கா.

அம்மா பையைப் பிரித்துப் போர்வையைப் பழைய இடத்தில் விரித்துவிட்டாள். சித்தப்பாவுக்கு வேறு நாய் பார்த்துக்கொள்ளச் சொல்லியாகிவிட்டது. இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுது என்று அப்பா சொல்கிறார், அப்படியே அனுப்பு, அவளும் சிரிக்கட்டும் என்று அம்மா சொல்கிறாள், அம்மா கட்சியே ஜெயித்தது. இருவரும் உனக்கு மனமார்ந்த ஆசிகள் சொல்கிறார்கள், நன்றாக இரு, குளிருக்கு ஸ்வெட்டர் போடு, பதில் போட மறந்துவிடாதே.

இப்படிக்கு,
அப்பா, அம்மா,
அவர்களுக்காகத் தம்பி.

அக்கா, இது அவர்களுக்குத் தெரியாது. கொட்டாவி தொற்றும் என்பாயே, அது மெய்தான். ஜன்னல் கண்ணாடியில் கொட்டாவி விடும் என் முகமும் தெரிந்துகொண்டிருந்தது. அந்தக் கோடுகளில் பாதி என்னுடையதாக இருக்கலாம்.