தட்டு, நழுவு, சிக்கெடு

ஜூலை 5, சனி

கச்சான் காற்று. காலையிலிருந்து கண்ணில் மணல். காயப்போட்ட உடுப்பு பக்கத்து வீட்டு மதிலில்.

அஸர் தொழுதுவிட்டு தற்காப்பு வகுப்புக்கு. நாலாவது நாள். பன்னிரண்டு பெண்கள். போகும்போது என் மனுசன் கேட்டார்: "நாப்பத்தி மூணு வயசில ஆருக்கு அடிக்கப் போறீங்க?" சோறு ஆறுது, தின்னுங்க என்றேன்.

சமன்மலீ மிஸ் அம்பாறையிலிருந்து பஸ்ஸில் வந்து பழக்குகிறார். அசைவுகளின் பெயர்கள் ஜப்பான் பாஷையில், விளக்கம் சிங்களத்தில். ஒருத்திக்கும் மனதில் நிற்கவில்லை. நான் அரச கந்தோரில் மொழிபெயர்ப்பாளர் அல்லவா, என் தலையில் கட்டினார். "ரமீஸா, தமிழ் வார்த்தை நீங்க சொல்லுங்க. சின்னதா. கத்துறதுக்கு லேசா."

இன்று முடிவானவை:

வரும் கையைக் குறுக்கே மறிப்பது. 'தடை' என்றேன். "அது பொலிஸ் றோட்டுல போடுறது" என்று சிரிப்பு. 'தட்டு' ஆயிற்று.

அடி விழாமல் விலகுவது. 'ஒதுங்கு' என்றேன். கருவாட்டு வியாபாரம் செய்யும் ஹாஜறா ராத்தா, எல்லாருக்கும் மூத்தவர், இடுப்பில் கை வைத்துவிட்டார். "ஒதுங்கி ஒதுங்கித்தானே இம்பட்டுக் காலமும் போச்சு. வேற சொல்லு புள்ள." 'நழுவு'.

வாங்கிய அடியைத் திருப்பிக் கொடுப்பது. பதிலடி? கட்சிக்காரர் அறிக்கை மாதிரி இருக்கிறது. ஒத்திவைப்பு.

முழங்கால் நோகிறது. எண்ணெய் தேய்க்க வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய்

மீட்டிங், மீட்டிங், மீட்டிங். சுற்றறிக்கை இரண்டு பாக்கி. மின்சாரம் போய் வந்தது.

வகுப்பில் இன்று மணிக்கட்டுப் பிடி. ஒருவன் இறுக்கிப் பிடித்தால் இழுக்கக் கூடாது. அவன் பெருவிரல் பக்கமாகக் கையைத் திருப்பி வெளியே எடுக்க வேண்டும். நான் 'விடுவி' என்றேன், 'பிடியுடை' என்றேன். மிஸ் தலையாட்டவில்லை.

கடைசி வரிசையிலிருந்து சிபானா. மருதமுனை, தறி நெய்பவள், முப்பது வயது. போன வருடம் காதி நீதிமன்றத்தில் மணவிடுதலை எடுத்தவள். இதுவரை வாய் திறந்ததே இல்லை.

"ராத்தா, நூல் சிக்கினா நாங்க இழுக்கமாட்டம். திருப்பித்தான் எடுப்பம். சிக்கெடு எண்டு சொல்லுவமா?"

மண்டபம் முழுக்க "சிக்கெடு!" மிஸ்ஸும் கத்தினார், 'சிக்கடு' என்று. பதினெட்டு வருடமாக மொழிபெயர்க்கிறேன். இப்படி ஒரு சொல் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. பொறாமை கொஞ்சம். சந்தோசம் நிறைய.

ஜூலை 9, புதன்

மாலை நாலரைக்கு சிபானாவின் போன் கோல். மூச்சு வாங்கியது. முன்னாள் மாப்பிள்ளை சந்தி பஸ் ஸ்டாண்டில் கையைப் பிடித்து ஓட்டோ பக்கம் இழுத்திருக்கிறான்.

"என்ன செய்தீங்க?"

"சிக்கெடுத்தன் ராத்தா. மத்தக் கையால ஓங்கினான், தட்டினன். பாய்ஞ்சு வந்தான், நழுவினன். அவன் போய் வாழைக்குலை விக்கிற வண்டிலோட மோதி இருந்திட்டான்."

"நீங்க அடிச்சீங்களா?"

"இல்ல. 'கிட்ட வராத' எண்டு கத்தினன். அவ்வளவுதான். என்ட சத்தம் அவ்வளவு பெரிசெண்டு எனக்கே தெரியாது."

போனை வைத்தேன். அல்ஹம்துலில்லாஹ்.

ஜூலை 11, வெள்ளி

காற்று ஓயவில்லை. அவன் பொலிஸில் சிபானா மீது முறைப்பாடு. சந்தியில் வைத்துத் தன்னைத் தாக்கினாளாம், முழங்கை உரிந்துவிட்டதாம்.

ஜும்ஆ முடிந்து, வகுப்பு நடக்கும் மண்டபத்தின் பொறுப்பாளர் எங்கள் வீட்டு வாசலில். "பொம்பிளையளுக்குச் சண்டை பழக்கினா இப்படித்தான். விசாரணை முடியுமட்டும் மண்டபம் இல்ல." என் மனுசன் உள்ளேயிருந்து: "கையைப் பிடிச்சவன் ஆரு எண்டு கேட்டீங்களா முதல்ல?" நான் திரும்பிப் பார்த்தேன். அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஜூலை 12, சனி

பொலிஸ் நிலையம். சிபானா, அவள் உம்மா, நான். தமிழ் எழுதும் அலுவலர் லீவு. பெண் சார்ஜன்ட் சிங்களத்தில் எழுத, நான் நடுவில். நல்ல மனுசி, தேத்தண்ணீர் தந்தார். ஆனாலும் முதல் வரியிலேயே முறைப்பாட்டில் இருந்த சொல்லைத்தான் எழுதினார்: 'திருப்பித் தாக்கினேன்.'

நான் வாசித்துச் சொன்னதும் சிபானா நிமிர்ந்தாள்.

"அது நான் செய்யாதது. தாக்கின எண்டு எழுத வேணாம். நான் செய்தது மூணு. ஒவ்வொண்டா எழுதச் சொல்லுங்க."

சொன்னேன். சார்ஜன்ட் பேனாவை வைத்தார். எழுந்து வந்து சிபானாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். "காட்டுங்க."

ஒரு திருப்பு. கை வெளியே. சார்ஜன்ட் தன் வெறுங்கையைப் பார்த்தார். இன்னொரு முறை, இரண்டு கையாலும். அதுவும் போனது. வாசலில் நின்ற கான்ஸ்டபிள் வாய்விட்டுச் சிரித்தார்.

அந்தப் பக்கம் கிழிபட்டது. புதுப் பக்கம். 'சிக்கெடுத்தேன்' என்பதற்குச் சிங்களத்தில் ஒரு சொல் கிடைக்கவில்லை. 'அவர் பிடியிலிருந்து என் கையை எடுத்துக்கொண்டேன்' என்று போட்டேன். நீளம்தான். சரி. தட்டினேன். நழுவினேன். அடிக்கவில்லை. நான் தமிழில் சொல்லச் சொல்ல, அவள் ஒவ்வொரு வரிக்கும் ஓம், ஓம் என்று, கடைசியில்தான் கையெழுத்து. அவன் கையைப் பிடித்து இழுத்தான் என்று தன் முறைப்பாட்டையும் பதிய வைத்தாள்.

கந்தோரில் ஆயிரம் கடிதம் பெயர்த்திருப்பேன். இந்த ஒரு பக்கம் போதும்.

ஜூலை 15, செவ்வாய்

வகுப்பு இல்லை. மண்டபம் பூட்டு. மிஸ் கோல் பண்ணினார், ஹாஜறா ராத்தாவின் கருவாட்டு முற்றத்தில் பழகலாமா என்று. ராத்தா: "மணம் சகிச்சா வரட்டும்." விசாரணை நாளை பத்து மணிக்கு. நித்திரை வராது போல.

ஜூலை 16, புதன்

காலையில் தூறல், பிறகு கொதி வெயில். அரை நாள் லீவு.

பொறுப்பதிகாரியின் அறை. அவன் ஒரு பக்கம், முழங்கையில் பிளாஸ்டர். வாழைக்குலைக்காரர் சாட்சிக்கு வந்திருந்தார், யாரும் கூப்பிடாமலே. மண்டபப் பொறுப்பாளரும் பின்னால் மர வாங்கில் உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி முறைப்பாட்டைப் படித்தார். சிபானாவின் வாக்குமூலத்தைப் படித்தார். தமிழ் நன்றாகக் கதைப்பவர். அவனைப் பார்த்தார்.

"கையால அடிச்சதா? காலால அடிச்சதா?"

அவன் பிளாஸ்டரைத் தடவினான்.

"எங்க பட்டது?"

"...வண்டில்ல பட்டது."

"அதுக்கு முந்தி என்ன நடந்த?"

அவன் வாழைக்குலைக்காரரைப் பார்த்தான். பிறகு, எல்லாருக்கும் கேட்க:

"நான் கையைப் பிடிச்சன்."

முறைப்பாட்டை வாபஸ் வாங்கினான். இனி அவள் பக்கம் வரமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்து. அவள் முறைப்பாடு அப்படியே நிற்கிறது. அதை அவள் விடவில்லை. விடச் சொல்ல யாருக்கும் வாயும் வரவில்லை.

வெளியே வந்ததும் உம்மா அழுதார். மண்டபப் பொறுப்பாளர் பூட்டின் திறப்பை என் கையில் வைத்தார். சிபானா முகம் கழுவிவிட்டு வந்து கேட்டாள்:

"பசிக்குது ராத்தா. கொத்து ரொட்டி தின்னுவமா?"

தின்றோம்.