பதினாலு தடவை 'ஈஸி'

செப்டம்பர் 20, சனி

ரோவீனா ஹாக்கை நேரில் பார்த்துவிட்டேன்!!! டயர் கடையில் வேலை பார்த்த காலத்தில், மதிய இடைவேளைகளில் அவருடைய முந்நூற்றுப் பன்னிரண்டு வீடியோக்களைப் பார்த்துத்தான் அல்ஜீப்ரா கற்றேன். பட்டமெல்லாம் அப்புறம். இப்போது நான் கம்யூனிட்டி காலேஜில் பகுதிநேரக் கணக்கு வாத்தியார். எங்களுக்குப் பயிற்சி கொடுக்க அவரே வந்திருக்கிறார்! சேர்ந்து போட்டோ எடுத்தேன். என் கண் மூடியிருக்கிறது. போகட்டும்.

பயிற்சியில் ஒரு வேலை: ஒருவர் வகுப்பில் இன்னொருவர் போய் உட்கார வேண்டும். வாத்தியாரைப் பார்க்கக் கூடாது. ஒரே ஒரு மாணவரை மட்டும் பார்த்து, மணி போட்டு எழுத வேண்டும். கண்ணில் பட்டது மட்டும். கருத்து கூடாது. எனக்கு ஜோடி ஆர்வில் பிராச்சர், இருபது வருஷ வாத்தியார். "நான் வந்ததே டோனட்டுக்குத்தான்பா" என்றார். அய்யோ.

செப்டம்பர் 23

என் மாணவி லர்லீன் மறுபடியும் கடைசி வரிசை. ஸ்கூல் பஸ் ஓட்டுகிறார், வயது நாற்பத்தாறு. நர்சிங்கில் சேர இந்தக் கணக்கில் எழுபது எடுக்க வேண்டும். முதல் பரீட்சையில் 41. "வயசாயிடுச்சு தம்பி, மண்டைல ஏறல." ஏற்கெனவே இரண்டு தடவை பாதியில் விலகியவர். இந்த முறை விலகக் கடைசி நாள் அக்டோபர் 24. போனால் திரும்ப வருவாரா? வரமாட்டார்.

அக்டோபர் 7

ஆர்வில் வந்தார். லர்லீனைப் பார்க்கச் சொன்னேன். வகுப்பு பறந்தது! ரோவீனா மாதிரியே நான் மார்க்கரைச் சுழற்றி, "பாத்தீங்களா, எவ்ளோ ஈஸி!" தூள்.

அக்டோபர் 8

ஆர்வில் கொடுத்த தாள். அப்படியே எழுதுகிறேன்.

10:14 – 7 − (x − 4) என்பதை 7 − x − 4 என்று எழுதினார்.
10:15 – போர்டில் 11 − x. அவர் தன்னுடையதை அழித்தார்.
10:16 – கை தோள்வரை உயர்ந்தது. வாத்தியார்: "எவ்ளோ ஈஸி!" கை இறங்கியது.
10:17 – பென்சிலை வைத்துவிட்டு பஸ் சாவியை எடுத்தார். வகுப்பு முடியும்வரை சாவி கையிலேயே.

கீழே: 'ஈஸி' – 14.

"கருத்து சொல்லக் கூடாதாம்ல, அதனால சொல்லல" என்று ஆர்வில் போய்விட்டார். திட்டியிருக்கலாம்யா.

அக்டோபர் 9

ரோவீனாவின் பழைய வீடியோ ஒன்றைத் திரும்பப் பார்த்தேன். இப்பவும் பிரமாதம்தான். ஆனால் அவர் எதிரே மாணவர் யாருமே இல்லை. இது எனக்கு ஏன் தோணவே இல்ல?

அக்டோபர் 14

வகுப்பில் நாக்கைக் கட்டிப் பார்த்தேன். ஆனாலும் மூன்று தடவை 'ஈஸி' வந்துவிட்டது. லர்லீன் வரவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

வந்தார். விலகல் ஃபாரத்தோடு.

"கையெழுத்து போடு தம்பி. மூணு மணிக்கு பஸ் எடுக்கணும்."

வாய்வரை வந்தது – விடாதீங்க, உங்களால முடியும், ஈஸி – எல்லாத்தையும் முழுங்கினேன். "எந்த இடத்துல விட்டுப் போச்சு?"ன்னு மட்டும் கேட்டேன். கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டேன். மனசுக்குள்ள செகண்ட் எண்ணினேன். ஒண்ணு... ஆறு... பதினொண்ணு. செத்துட்டேன்.

அப்புறம் ஃபாரத்தைத் திருப்பிப் பின்பக்கம் அந்த அடைப்புக்குறியைப் போட்டார்.

"இந்த மைனஸ், பஸ் வாசல்ல நிக்கிற முதல் பிள்ளைக்கு மட்டும்னு நினைச்சேன். உள்ள இருக்கிற எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

"அப்ப அந்த மைனஸ் நாலு..." மைனஸ் மேலே நெட்டுக்கோடு ஒன்று போட்டார். "பிளஸ்ஸாயிடுதா?"

"ஆமா."

"அடப்பாவி, அஞ்சு வாரமா ஏன் சொல்லல?"

சொன்னேன். பதினாலு தடவை வேற எதையோ. அதை அவரிடம் சொல்லவில்லை. மன்னிச்சிடுங்கன்னு மட்டும் சொன்னேன். "எதுக்கு?"ன்னாங்க. பின்பக்கம் நிரம்புகிறவரை கணக்குப் போட்டார். மணியைப் பார்த்தார். ஓடினார். ஃபாரம் மேஜையிலேயே.

அக்டோபர் 30

இரண்டாவது பரீட்சை. லர்லீன் 63. நான் வாயைத் திறக்கும் முன்னே, முன்வரிசையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"மிச்சம் ஏழு எங்க போச்சு? காட்டு."