நீ கோடாகத் தெரிந்த வியாழக்கிழமை

திருநெல்வேலி டவுன்,
22-11-94.

அன்பு மகள் விஜயஸ்ரீக்கு அம்மா எழுதுவது. காந்திமதி அம்பாள் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அப்பாவும் சௌக்கியம். அங்கே நீ சௌக்கியமா என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. கேட்டால் சௌக்கியம் என்றுதான் எழுதுவாய், அந்த வார்த்தையை உன் கையெழுத்தில் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. ஃபோனில் பேசலாம் என்றால் பூத்துக்காரன் பக்கத்திலேயே உட்கார்ந்து வாயைப் பார்த்துக்கொண்டிருப்பான், அவன் முன்னால் பெற்ற பிள்ளையைத் திட்ட எனக்கு மனசில்லை. உன் மேலும் உன் அப்பா மேலும் எனக்கு இருக்கிற கோபம் ஒரு இன்லேண்டு லெட்டரில் அடங்காது என்று முழுத்தாளாக வாங்கிவரச் சொன்னேன். மறுபேச்சுப் பேசாமல் வாங்கி வந்து வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார், இன்றைக்கு இந்த வீட்டில் மறுபேச்சுப் பேச அவருக்கு வாய் இல்லை.

வரிசையாகச் சொல்கிறேன் கேள். உன்னைப் பார்த்து ரெண்டு வருஷம் ஆகிறது. தீபாவளிக்கு வருவாய் என்று முறுக்குக்கு மாவு இடித்து வைத்த பிறகு லீவு இல்லை என்று எழுதினாய். அதிலேயே, பதினேழாம் தேதி வியாழக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு டெல்லி டிவியில் விவசாயிகளுக்கான நிகழ்ச்சியில் மண் பரிசோதனை பற்றிப் பேசுகிறேன், என்னைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் எழுதியிருந்தாய். வேறு யாராவது இருந்தால் பெருமைப்பட்டிருப்பார்கள். நான் பெருமையும் பட்டேன், ஆனால் அதைவிட, சரி, கண்ணாலாவது பார்த்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆவணியிலிருந்தே உன் கடிதம் குறுகிக்கொண்டு வந்தது. நாலு பக்கம் எழுதுகிறவள் நாலு வரி எழுதினால் பெற்றவளுக்குத் தெரியாதா. முகத்தை ஒரு தடவை பார்த்தால் போதும், நீ சாப்பிடுகிறாயா தூங்குகிறாயா என்று நான் சொல்லிவிடுவேன். அதற்காகத்தான் அந்த வியாழக்கிழமைக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

நம் வீட்டு டிவி இருக்கிற லட்சணம் உனக்குத் தெரியும். நீ காலேஜில் சேர்ந்த வருஷம் வாங்கிய கறுப்பு வெள்ளைப் பெட்டி, இழுத்து மூடுகிற கதவு போட்டது. ஐப்பசி பிறந்ததும் அதில் படம் மேலேயும் கீழேயும் சுருங்க ஆரம்பித்தது. செய்தி வாசிக்கிறவளுக்குத் தலைமுடி தெரியாது, மேஜை தெரியாது, நடுவில் நசுங்கின முகம் மட்டும் தெரியும். உன் அப்பாதான் முப்பது வருஷம் பத்திர ஆபீஸில் உட்கார்ந்தவர் ஆயிற்றே, சாதாரணமாகச் சொல்வாரா, 'வடபுறம் நாலு விரல் போச்சு, தென்புறம் மூணு விரல் போச்சு, கீழ்புறம் மேல்புறம் வில்லங்கம் இல்ல' என்று நிலத்துக்கு எல்லை சொல்லுவதைப்போலச் சொன்னார். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள் என்று நான் தினமும் சொன்னேன். 'வோல்டேஜ்தான், மழைக்காலம் முடிஞ்சா சரியாயிரும்' என்பார் ஒருநாள், 'காக்கா உக்காந்து ஆன்டெனாவைத் திருப்பிட்டு' என்பார் மறுநாள். உடனே எதிர்த்த வீட்டுக் கைலாசம் அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறிவிடுவார். நான் கீழே ஜன்னலோரம் நின்றுகொண்டு, வருது, வருது, போச்சு, இன்னும் கொஞ்சம் திருப்புங்க, ஐயோ போச்சு என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். மேலேயிருந்து ஒரு சத்தமும் வராது. அரை மணி கழித்து இரண்டு பேரும் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு இறங்கி வருவார்கள். கைலாசம் அண்ணாச்சி வீட்டில் டிவியே கிடையாது. டிவி இல்லாத மனுஷருக்கு ஆன்டெனாவில் என்ன வேலை என்று அப்போதே எனக்குப் புத்தியில் பட்டிருக்க வேண்டும், படவில்லை.

நாள் நெருங்க நெருங்க எனக்குப் பயம் வந்துவிட்டது. தச்சநல்லூர் அத்தை வீட்டில் கலர் டிவி இருக்கிறது, டவுன் பஸ் ஏறினால் கால்மணி நேரம், அங்கே போய்ப் பார்த்துவிடலாம் என்றேன். அதற்கு உன் அப்பா, 'நம்ம பிள்ளைய நம்ம வீட்டுல உக்காந்து பாக்கணும்ளா, அடுத்தவங்க வீட்டு நடையில போயி காத்துக் கெடந்தா பாக்கணும்' என்றார். அவருடைய சொந்தத் தங்கச்சி வீடு அவருக்கு அடுத்தவங்க வீடாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அந்தப் பேச்சை நம்பி அத்தைக்கு வரவில்லை என்று சொல்லி அனுப்பினேன். என்னை மாதிரி ஒரு மடச்சி உண்டா சொல்.

வியாழக்கிழமை ஐந்து மணிக்கே தலைசீவிப் பூ வைத்து உட்கார்ந்துவிட்டேன். நீ இந்தியில் பேசுவாய் என்பதால் அர்த்தம் சொல்ல அடுத்த தெரு யூனிஸ் டீச்சரையும் கூப்பிட்டிருந்தேன், பள்ளிக்கூடத்தில் அவள் இந்திதானே சொல்லிக்கொடுக்கிறாள். கைலாசம் அண்ணாச்சியும் வந்துவிட்டார். ஆறு இருபத்தைந்துக்குப் படம் நன்றாகத்தான் இருந்தது, நசுங்கியிருந்தாலும் ஆள் தெரிந்தது. ஒரு மாடு, ஒரு டிராக்டர், பாட்டு எல்லாம் வந்தது. பிறகு ஒருவர் உன் பேரைச் சொன்னார். சொன்னதுதான் தாமதம், டப்பென்று படம் படுத்துவிட்டது. திரை முழுக்க இருட்டு, நட்ட நடுவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வெள்ளையாக ஒரே ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குள் என் பிள்ளை. குரல் மட்டும் கணீரென்று வருகிறது. நான் எழுந்து பெட்டியின் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினேன், ஒரு கண்சிமிட்டும் நேரம் படம் விரிந்தது, ஒரு சேலைத்தலைப்பு தெரிந்தது, அவ்வளவுதான், மறுபடியும் கோடு. இன்னொரு தட்டுத் தட்டப் போனால் உன் அப்பா பாய்ந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். 'தட்டாதளா, டியூப் வெடிச்சிரும், பைய நான் சரிபண்ணுதேன்' என்று பெட்டிக்கு முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்து திருகைத் திருகிக்கொண்டே இருந்தார். அவர் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. யூனிஸ் டீச்சர் பாவம், மண்ணை நாலு மூலையிலிருந்தும் எடுக்கணுமாம், நிழலில் உலர்த்தணுமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மண்ணு கிடக்கட்டும் டீச்சர், பிள்ளையைக் காணோமே என்று நான் புலம்புகிறேன். எட்டு நிமிஷம். அதற்குப் பிறகு நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

படம் இருந்திருந்தால் நானும் உன் சேலையைப் பார்த்திருப்பேன், கம்மலைப் பார்த்திருப்பேன், வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒன்றும் தெரியாததால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒரு வரி முடியுமுன் இரண்டு இடத்தில் உனக்கு மூச்சு வாங்கியது. ஒரு தரம் நடுவில் நிறுத்தி எச்சில் விழுங்கினாய், இருமலை அடக்குகிறவர்கள்தான் அப்படி விழுங்குவார்கள். நீ பேச ஆரம்பித்தால் மூச்சு விடாமல் பேசுகிறவள் ஆயிற்றே, பிள்ளைக்கு என்னமோ செய்யுது என்று சொன்னேன். உன் அப்பா கொஞ்சமும் யோசிக்காமல், 'இந்தி பேசுனா அப்படித்தான் இருக்கும், அதுல நாலு க இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் மூச்சு செலவாவும்லா' என்கிறார். யூனிஸ் டீச்சர் அவரை ஒரு பார்வை பார்த்தாள். இருபது வருஷமாக இந்தி சொல்லிக்கொடுக்கிறவள், அவளுக்கு ஒருநாளும் மூச்சு வாங்கி நான் பார்த்ததில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் நான் கூப்பிடாமலேயே பேட்டையில் டிவி ரிப்பேர்க் கடை வைத்திருக்கிற பெருமாள்ராஜ் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். பின்பக்கத்தைக் கழற்றினான், ஒரு இடத்தில் ஈயம் வைத்துப் பற்ற வைத்தான், உலை கொதிக்கிற நேரம்கூட ஆகவில்லை, படம் நாலு பக்கமும் நிறைந்து நின்றது. எனக்கு வயிறு எரிந்தது. இதை ஒரு மாதத்துக்கு முன்னால் செய்திருக்கக்கூடாதா என்று அவனைப் பிடித்துக்கொண்டேன். அவன் திருதிருவென்று விழித்துவிட்டு, 'ஆச்சி, நான் தீவாளிக்கு முந்தியே வந்து பாத்துட்டம்லா, உள்ள ஒரு பத்தவைப்பு விட்டிருக்கு, எப்ப வேணும்னாலும் கோடாப் படுத்துரும்னு சொன்னேன், அண்ணாச்சிதான் இப்ப வேண்டாம், பதினெட்டாம் தேதி வந்து பண்ணுன்னாங்க' என்றான். ஐப்பசித் திருக்கல்யாணத்துக்கு நான் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து உன் அப்பா அவனை வரவழைத்திருக்கிறார். வோல்டேஜ், ஆன்டெனா என்றாரே என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டான். 'ஆன்டெனா திரும்புனா புள்ளியடிக்கும், ரெண்டு ரெண்டாத் தெரியும், படம் சுருங்குததுக்கும் ஆன்டெனாவுக்கும் என்ன ஆச்சி சம்பந்தம்' என்றான். அப்படியானால் ஒரு மாதமாக இரண்டு கிழவர்களும் மொட்டை மாடியில் என்ன செய்தார்கள் என்று நான் திரும்பி உன் அப்பாவைப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கிறார், துடைக்கிறார், போடவே இல்லை.

பெருமாள்ராஜ் போன பிறகு எதிர்த்த வீட்டுக்குப் போய் எட்டுக் கடிதத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். எல்லாம் உன் கையெழுத்து. கைலாசம் அண்ணாச்சி மேல்விலாசத்துக்கு என் மகள் கடிதம் போடுகிறாள், அதை இரண்டு பேரும் மாடியில் வைத்துப் படிக்கிறார்கள், நான் கீழே நின்று வருது போச்சு என்று கூப்பாடு போடுகிறேன். ஒவ்வொன்றாகப் படித்தேன். ஆவணியில் நுரையீரலில் நீர் கோத்து பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாய். முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்திருக்கிறார்கள். டி.பி. என்று ஆறு மாதத்துக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பக்கத்துப் படுக்கைக்காரியின் தாயார்தான் உனக்குத் தலைவாரி விட்டாள் என்று எழுதியிருக்கிறாய். நான் ஒருத்தி இங்கே குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது ஊர் பேர் தெரியாத ஒருத்தி உனக்குத் தலைவாரி விட்டிருக்கிறாள். எட்டுக் கடிதத்திலும் கடைசி வரி, அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், அவளுக்கு பிரஷர் இருக்கிறது. என் பிரஷருக்கு டாக்டர் வெள்ளை மாத்திரை கொடுத்திருக்கிறார், பொய் கொடுக்கச் சொல்லவில்லை.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, 'பிள்ள எலும்பும் தோலுமா இருக்கேன்னு எழுதியிருந்தா, நீ பாத்தா தாங்க மாட்டேன்னு நெனச்சேன்' என்கிறார். படத்தை மறைக்கத் தெரிந்த மனுஷருக்குக் குரலை மறைக்கத் தெரியவில்லை பார். உன்னைப் பெற்றவள் நான், நீ மெலிந்திருந்தால் பார்க்கத் தாங்காதா, பார்க்காமல் இருக்கத்தான் தாங்காது. இதில் ஒரு கொடுமை என்ன தெரியுமா, அவருக்கும்தான் உன்னைப் பார்த்து ரெண்டு வருஷம் ஆச்சு. பெட்டிக்கு முன்னால் மண்டிபோட்டு அந்தக் கோட்டையே எட்டு நிமிஷமும் பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு தட்டுத் தட்டியிருந்தால் அவராவது பார்த்திருக்கலாம். அதை நினைத்தால் எனக்கு அவர்மேல் இன்னும்தான் கோபம் வருகிறது. அன்றைக்கு நான் அழவில்லை. சனிக்கிழமை அத்தை வந்து, 'டிவியில பிள்ள லெச்சணமாத்தான் இருந்தா, கழுத்துதான் கொஞ்சம் வத்திப்போச்சு மைனி' என்று சொன்னபோதுதான் அழுதேன்.

தை மாதம் பெண் பார்க்க வருகிறோம் என்ற கல்லிடைக்குறிச்சிக்காரர்களுக்குத் தெரிந்தால் பேச்சு நின்றுவிடும் என்றும் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறாய். நிற்கட்டுமே. நானே அவர்களுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, மருந்து சாப்பிடுகிறாள், தேறின பிறகு பேசிக்கொள்ளலாம் என்று. ஒளித்து வைத்துக் கட்டிக்கொடுக்க என் மகள் வில்லங்கம் உள்ள மனை இல்லை.

நான் டெல்லிக்கு வருகிறேன். வேண்டாம் என்று எழுதாதே, எழுதினாலும் அது வந்து சேருமுன் நான் கிளம்பியிருப்பேன். யூனிஸ் டீச்சரின் தம்பி வேதநாயகமும் அவர் சம்சாரமும் லீவு முடிந்து டெல்லிக்குத் திரும்புகிறார்கள், அவர்களோடு முப்பதாம் தேதி இங்கே ரயில் ஏறி, மெட்ராஸில் வண்டி மாறி, மூன்றாம் தேதி சனிக்கிழமை காலையில் வந்து இறங்குகிறோம். மதுரைக்கு வடக்கே போகாதவள் எப்படிப் போவாய் என்று உன் அப்பா கேட்டார். வாய் இருக்கிறது, வழி கேட்டுக்கொள்வேன் என்றேன். நானும் வருகிறேன் என்றார், நீங்கள் உங்கள் டிவியைப் பார்த்துக்கொண்டு இருங்கள் என்று சொல்லிவிட்டேன். ஜங்ஷனுக்குப் போய் வரிசையில் நின்று டிக்கெட் எடுத்து வந்ததென்னவோ அவர்தான். டிவி இப்போது பளிச்சென்று தெரிகிறது, போட்டு வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். அவருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, நம் வீட்டு விலாசத்துக்கு எழுது.

மாத்திரையை ஒருநாள்கூட விடாதே, பாதியில் நிறுத்தினால் திரும்ப வந்துவிடும் என்று டீச்சர் சொன்னாள். வெந்நீரில் குளி. நான் வருகிறேன் என்று வீட்டைக் கழுவிப் பெருக்கி இழுத்துப் போட்டுக்கொண்டு செய்யாதே, வந்து நான் பார்த்துக்கொள்கிறேன். பருப்புப்பொடியும் நல்லெண்ணெயும் சுக்கும் கட்டி வைத்தாயிற்று. நெல்லையப்பரும் அம்பாளும் உனக்கு நூறு வயசு கொடுக்கட்டும், என் ஆயுசில் கொஞ்சம் எடுத்துக் கொடுத்தாலும் எனக்குச் சம்மதம். ஸ்டேஷனுக்கு வரும்போது முகத்துக்கு எதுவும் பூசிக்கொண்டு வராதே, இருக்கிறபடி வா. எந்தப் பெட்டி என்று தேடிக்கொண்டு ஓடாதே, மேம்பாலத்துப் படியில் ஏறாதே. ஏதாவது ஒரு பெஞ்சில் உட்கார்ந்திரு. எத்தனை பேர் இருந்தாலும், எவ்வளவு மெலிந்திருந்தாலும், நான் வந்து உன்னைக் கண்டுபிடித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அம்மா,
நீலாம்பாள்.