டிவி வேண்டாம், போன் போதும்

அன்புள்ள அம்மாவுக்கு,

சார்ஜாவிலிருந்து ஜெபக்குமார் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

தினமும் பேசுகிறவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். என் முகம் உங்களுக்குப் பெரிதாகத் தெரியட்டும் என்றுதான் ஸ்ரீவில்லிபுத்தூர் கடையில் அந்த ஸ்மார்ட் டிவியை வாங்கச் சொன்னேன். போன் எப்போதும் தம்பி ஜோயல் கையில். நான் கூப்பிட்டதும் டிவியில் போட்டுவிடுகிறான், பாதித் தெரு வந்து உட்கார்ந்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறப்பதற்குள், "ஏலே ஜோயலு, சத்தத்தக் கூட்டு" என்றார் பக்கத்து வீட்டு பாண்டிசெல்வி அத்தை. பிறகு என்னிடம், "ஏய்யா, செத்த வெலகு, ஒங்க ரூம் எம்புட்டு பெருசுன்னு பாப்போம்" என்றார். விலகினேன். அதற்குள் மேட்ச் தொடங்கியதால் ஜோயல் என்னைத் திரையின் மூலைக்குத் தள்ளிவிட்டான். நீங்கள் ஏதோ கேட்டீர்கள், எனக்கு மைதானத்துச் சத்தம்தான் கேட்டது.

அன்று வலது கையை நான் காட்டவில்லை. கிடங்கில் பெட்டி சரிந்து விரல்களில் அடி, கட்டுப் போட்டிருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை. அத்தனை பேர் முன்னால் சொல்லப் பிடிக்கவில்லை. இடது கையால் எழுதுவதால்தான் எழுத்து இப்படிக் கோணுகிறது.

இதைக் கொண்டுவரும் தனுஷ் என்னோடு ஒரே அறையில் தங்கியிருப்பவன், லீவில் ஊருக்கு வருகிறான். திரும்பும்போது அவனிடம் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்துவிடுங்கள். திருகுமூடி டப்பா வேண்டாம், ஒற்றைக் கையால் திறக்க வராது.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை போனை வாங்கிக்கொண்டு பின்வாசலுக்கு வாருங்கள் அம்மா. முகம் சின்னதாகத்தான் தெரியும். கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
ஜெபக்குமார்